திரைக்குப் பின்னால் கேட்டவள்

அக்டோபர் 9, வியாழன்

நீர்மட்டம் 48.2 அடி. மழை இல்லை. நீர்வரத்து சொல்லும்படியாக இல்லை.

காலையில் மதகுக் கம்பிகளுக்கு கிரீஸ் வைத்தோம். வைத்தது அருளப்பன், நான் பக்கத்தில் நின்றேன். அணையில் இப்போது நாங்கள் இரண்டு பேர்தான். நான் பணி ஆய்வாளர். அருளப்பன் மதகு திறந்து மூடுகிற லஸ்கர். குடியிருப்பில் ஆறு வீடுகள், நான்கு பூட்டிக் கிடக்கின்றன. வருகிற இருபத்தொன்றாம் தேதியோடு என் மனைவி வடிவு இறந்து எட்டு மாதம்.

மதியம் சட்டைகளைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தேன். மூன்று மணி இருக்கும். அடுக்களையில் கரண்டி சட்டியில் உரசும் சத்தம் கேட்டது. அடி பிடிக்காமல் கிண்டும்போது வருகிற சத்தம். எழுந்து போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை. சட்டி கவிழ்த்தபடியே இருந்தது.

பூனையாக இருக்கும்.

அக்டோபர் 10

48.1. மறுபடியும் மூன்று மணிக்கு. பூனை கிண்டாது.

அக்டோபர் 12, ஞாயிறு

48.0. மேற்கே மூடாப்பு. மழை இல்லை.

இன்று பேச்சு கேட்டது.

அடுக்களை வாசலில் கதவு கிடையாது. வடிவு தன் பழைய வாடாமல்லிச் சேலையைக் கிழித்துத் தைத்த திரைதான் தொங்குகிறது. துணி போதாமல் தரைக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிட்ட திரை. அதற்குப் பின்னாலிருந்து, "சொல்லுங்க" என்றது.

பெண் குரல்தான். ஆனால் எந்த ஊர்க் குரலும் இல்லை. பேருந்து நிலையத்தில் அறிவிப்பு சொல்கிற குரலைப் போல, ஏற்ற இறக்கம் இல்லாமல் இருந்தது. எழுந்தேன். "உள்ளே வர வேண்டாம். அங்கேயே இருந்து சொல்லுங்க" என்றது. திரைக்குக் கீழே பார்த்தேன். தரைதான் தெரிந்தது.

ஓடியிருக்க வேண்டும். எட்டு மாதமாக இந்த வீட்டில் என்னிடம் யாரும் பேசவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

"யாரு?" என்று கேட்டேன்.

"நீங்க சொன்னாத்தான் தெரியும்."

"வடிவா?"

"வடிவு" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தது. புதுச் செருப்பைக் காலில் மாட்டிப் பார்ப்பதுபோல.

அக்டோபர் 13, திங்கள்

48.0. மாலையில் தூறல், 2 மில்லிமீட்டர்.

எங்கள் கல்யாணத்தைச் சொன்னேன். பெண் வீட்டாரை அழைத்துவர என் பெரியப்பா அனுப்பிய பேருந்து பாவூர்சத்திரம் தாண்டி நின்றுபோனது. ஆண்கள் இறங்கித் தள்ளினார்கள், அசையவில்லை. முகூர்த்தத்துக்கு நேரமாகிறது என்று வடிவே பட்டுச்சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கி, தோளைக் கொடுத்துத் தள்ளினாள். வண்டி கிளம்பிவிட்டது. மணவறையில் அவள் கையெல்லாம் கறுப்பு மசி. என் பெரியப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "உம்ம பஸ்ஸு நல்லா இருந்தா நான் ஏன் தள்ளப் போறேன்?" என்று கேட்டாள், மாலையும் கழுத்துமாக.

திரைக்குப் பின்னால் சிரிப்பு. அவளுடைய சிரிப்பேதான், மூக்கில் ஆரம்பிக்கிற சிரிப்பு.

"பெறவு?" என்று கேட்டது. நேற்று இருந்த அறிவிப்புக் குரல் இல்லை. எங்கள் ஊர்ப் பேச்சு.

நெஞ்சு லேசாக இருக்கிறது. பல நாளுக்குப் பிறகு இரண்டாம் முறை சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

அக்டோபர் 15, புதன்

48.3. மழை 6 மி.மீ.

அவள் என்னை எப்படிக் கூப்பிடுவாள் என்று சொன்னேன். கல்யாணமான புதிதில் "இந்தாருங்க." மகள் காந்திமதி பிறந்த பிறகு "மதி அப்பா." காலில் மிஞ்சி இறுக்கமாகி விரல் வீங்கியபோதும் கழற்ற மறுத்ததைச் சொன்னேன்.

"மதி அப்பா" என்றாள் திரைக்குப் பின்னாலிருந்து. "காப்பி குடிச்சியளா?"

திரைக்குக் கீழே இரண்டு பாதங்கள் தெரிந்தன. விரல்களில் மிஞ்சி.

எனக்குப் பயமில்லை. அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 17, வெள்ளி

49.1. மழை 14 மி.மீ.

விருதுநகரிலிருந்து மதி போன் செய்தாள். பேத்தியின் பள்ளி வேன் நடுவழியில் நின்றுவிட்டதாம். "அம்மா மாதிரி நானும் எறங்கித் தள்ளிட்டேம்ப்பா" என்று சிரித்தாள்.

"அம்மா எந்த வண்டியத் தள்ளுனா?" என்று கேட்டேன்.

"எப்பா, ஒங்க கல்யாண பஸ்ஸு!"

அவள் எதையோ யார் கதையோடோ சேர்த்துக் குழப்பிக்கொள்கிறாள். பிள்ளையை வைத்துக்கொண்டு வேலைக்கும் போகிறாள், தூக்கம் போதவில்லை போலும். ஓய்வெடு என்று சொன்னேன்.

மூன்று மணிக்கு வடிவிடம், அவள் செய்கிற முந்திரிக்கொத்தின் பக்குவத்தைச் சொன்னேன். பாசிப்பயறு எவ்வளவு வறுக்க வேண்டும் என்பது முதல். ஆவலாகக் கேட்டாள்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

52.0. மழை 31 மி.மீ.

துக்க வருடம், பண்டிகை இல்லை. அருளப்பன் அவர் வீட்டிலிருந்து மதியச் சாப்பாடு கொண்டுவந்தார். சாப்பிடும்போது, "மைனி இருந்தா இந்நேரம் முந்திரிக்கொத்து ஒரு டப்பா நெறைய வந்திருக்கும்" என்று கண் கலங்கினார்.

வடிவு முந்திரிக்கொத்து செய்வாளா என்ன? அவர் மனம் நோக வேண்டாமென்று தலையாட்டினேன்.

அக்டோபர் 23

61.4 அடி. மழை.

அக்டோபர் 24

61.4. மழை. வடிவுக்கு நான் இன்று நிறையச் சொன்னேன். என்ன சொன்னேன் என்பது முக்கியமில்லை. மனம் கழுவி விட்டதுபோல் இருக்கிறது.

அக்டோபர் 25

61.4. மழை.

அக்டோபர் 27, திங்கள்

காலையில் அருளப்பன் குடையோடு வந்து நின்றார். முகம் சரியில்லை.

"அண்ணாச்சி, ரிஜிஸ்டர்ல மூணு நாளா ஒரே மட்டம் எழுதியிருக்கிய. தண்ணி அறுபத்தஞ்சு தாண்டிட்டு. எழுவத்திரண்டுதான் நம்ம கொள்ளளவு. நான் ஆபீசுக்குச் சரியான கணக்கு சொல்லிட்டேன். ஒங்களுக்கு ஒடம்புக்கு என்ன?"

இருபத்தொன்பது வருட வேலையில் நான் ஒரு நாள் மட்டத்தைக் கூடத் தவற விட்டதில்லை. வீட்டுக்கு வந்து, எங்கே பிசகியது என்று பார்க்க இந்த நோட்டைப் பின்னால் புரட்டினேன்.

பதிமூன்றாம் தேதி என் கையெழுத்தில் ஒரு கல்யாணக் கதை இருக்கிறது. பெண் இறங்கிப் பேருந்தைத் தள்ளுகிறாள். நல்ல கதை. எனக்கு நடந்ததாக எழுதியிருக்கிறேன். கண்ணை மூடி யோசித்தேன். எதுவும் வரவில்லை. மணவறை இல்லை, மாலை இல்லை. முந்திரிக்கொத்தும் அப்படியே. மிஞ்சியும் அப்படியே.

நான் சொன்னது ஒவ்வொன்றும் என்னிடமிருந்து போயிருக்கிறது. சொல்லச் சொல்லத் திரைக்குப் பின்னால் அது அவளாகிக்கொண்டு வருகிறது. இங்கே நான் காலியாகிக்கொண்டு வருகிறேன்.

பிப்ரவரி 21-ஐயும் பார்த்தேன். "நீர்மட்டம் 55.6. மழை இல்லை." அவ்வளவுதான் எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த நாள் எனக்கு முழுதாக நினைவிருக்கிறது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இனி மூன்று மணிக்கு வீட்டில் இருக்க மாட்டேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

66.8. மழை 22 மி.மீ.

மூன்று மணிக்குக் கரைமேல் குடை பிடித்து நின்றேன். வீடு தெரிந்தது. அரை மணி தாங்கினேன். பிறகு திரும்பிப் போனேன். ஏன் என்று எழுத எனக்குத் தெரியவில்லை.

அழுதுகொண்டிருந்தாள். "நீங்க சொல்லாட்டா நான் இல்லாமப் போயிருவேன். மறுக்காவும் என்னைய விட்டுட்டுப் போறியளா?"

மறுக்காவும் என்றாள்.

"இன்னும் ஒண்ணு சொல்லாம வச்சிருக்கிய" என்றாள். "அந்தக் காலைல நடந்தது. அதான் ஒங்களப் போட்டு அரிக்கி. அத எங்கிட்ட குடுத்திருங்க. பெறவு அது ஒங்களுக்கு ஞாபகமே இருக்காது. நிம்மதியா இருப்பிய."

உண்மை. கொடுத்தால் போய்விடும். எட்டு மாதமாக நான் வேண்டிக்கொண்டது அதைத்தான். ஆனால் வாய் திறக்க முடியவில்லை.

"சரி, வேற ஒண்ணு சொல்லுங்க. மதி பெறந்ததச் சொல்லுங்க."

சொல்லிவிட்டேன். அதைச் சொன்னால் மற்றதைக் கேட்க மாட்டாள் என்று நினைத்து, மதியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 30

68.0. மூன்று தடவை போன் வந்தது. ஒரு பெண். "எப்பா, எப்பா" என்கிறாள். தவறான எண் என்று சொல்லி வைத்தேன்.

நவம்பர் 1, சனி

69.2. வெயில்.

முன்னறைச் சுவரில் ஒரு பெண்ணின் படம் இருக்கிறது. களையான முகம். மாலை போட்டிருக்கிறது. என் மனைவி இறந்தது எனக்குத் தெரியும். இந்த முகந்தான் தெரியவில்லை.

நவம்பர் 3, திங்கள்

69.9 அடி. மழை இல்லை. மட்டத்தை இரண்டு முறை பார்த்தேன், அருளப்பனையும் பார்க்கச் சொன்னேன்.

நேற்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

நேற்றுக் காலை பதினொரு மணிக்கு ஒரு பெண் பையோடு வாசலில் நின்றாள். முப்பது வயது சுமார். பின்னால் அருளப்பன். "நாந்தான் போன் பண்ணி வரச் சொன்னேன் அண்ணாச்சி" என்றார். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்பா, நான் மதிப்பா" என்றாள். நாற்காலி போட்டேன். காப்பி வேண்டுமா என்று மரியாதையாகக் கேட்டேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

நான் குளிக்கப் போனபோது இந்த நோட்டை எடுத்துப் படித்திருக்கிறாள். திரும்பி வந்தால், நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அடுக்களைத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணு மணிக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆமா."

"நான் இங்கனயே இருக்கேன்."

மூன்று மணிக்குக் கரண்டிச் சத்தம் கேட்டது. திரைக்குக் கீழே பாதங்கள் வந்து நின்றன. அவள் என் கையை அப்படியே இறுக்கினாள். அவளுக்கும் தெரிகிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"மதி வந்திருக்காளா?" என்றது குரல், கொஞ்சலாக. "வா மக்ளே. ஒனக்கு என்னல்லாம் ஞாபகம் இருக்கு, அம்மாவுக்குச் சொல்லு."

அந்தப் பெண்ணின் உதடு பிரிந்தது. அம்மாவின் குரலை எட்டு மாதம் கழித்துக் கேட்கிற பிள்ளை அவள். ஒரு சொல் வந்திருந்தால் அவளும் ஆரம்பித்திருப்பாள். நான் அவளை யாரென்றே அறியாதவன், ஆனாலும் எனக்கு அது பொறுக்கவில்லை. "பேசாத" என்று அவள் வாயை என் கையால் மூடினேன்.

குரல் என் பக்கம் திரும்பியது. "அப்ப நீங்க சொல்லுங்க. மிச்சம் இருக்கது அந்த ஒண்ணுதான."

ஆமாம், ஒன்றுதான் மிச்சம். என் மனைவியைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரே விஷயம். அதையும் கொடுத்துவிட்டால் இந்த வீட்டில் ஒரு பெண் வாழ்ந்தாள் என்பதே எனக்குத் தெரியாமல் போகும்.

அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். "ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"அவகிட்டச் சொல்லாதிய!" என்றது குரல். "சொன்னா ஒங்கள வெறுத்துருவா. எங்கிட்டச் சொல்லுங்க. மதி அப்பா, எங்கிட்ட!"

நான் சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

பிப்ரவரி 21. காலை ஏழு மணி. வடிவு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அடுக்களைச் சுவரில் சாய்ந்திருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. "மூச்சு முட்டுதாப்ல இருக்கு" என்றாள். அன்று ஒன்பது மணிக்குப் பொறியாளர் அணையைப் பார்க்க வருவதாக இருந்தது. "வாயுவா இருக்கும், ஓமத்தண்ணி போட்டுக் குடி" என்றேன். "இன்னிக்கி ஒரு நாள் போகாண்டாமே" என்றாள். முப்பத்து மூன்று வருடத்தில் அவள் அப்படிக் கேட்டது அது ஒரு தடவைதான். "வந்துருதேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன். பன்னிரண்டரைக்கு வந்தேன். அடுக்களைத் தரையில் கிடந்தாள். கை சில்லென்று இருந்தது. கேட்டவர்களிடமெல்லாம், "காலைல நல்லாத்தான் இருந்தா" என்று சொன்னேன். சுடுகாட்டில் வைத்தும் அதையே சொன்னேன்.

"பன்னெண்டு முப்பத்தஞ்சுக்கு மகளுக்குப் போன் போட்டேன்" என்றேன். "நான் வாயத் தெறக்கு முன்னாடியே, 'எப்பா, அம்மாவுக்கு இப்பத் தேவலையா?'ன்னு கேட்டா. அவளுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு எனக்கு அன்னைக்குத் தோணவே இல்ல."

அந்தப் பெண்ணின் முகம் சுருங்கியது.

"ஏன்னா அம்மா எனக்குப் போன் பண்ணிச்சுப்பா" என்றாள். "எட்டரைக்கு. நெஞ்சு ஒரு மாதிரியா இருக்கு மக்ளேன்னு சொல்லிச்சு. நான் பிள்ளைய வேன்ல ஏத்திக்கிட்டு இருந்தேன். கேஸா இருக்கும்மா, மாத்திரை போட்டுட்டுப் படு, சாயங்காலம் கூப்பிடுதேன்னு வச்சிட்டேன். ஒன்னரை நிமிசம். போன்ல அம்மா கூப்பிட்ட பதிவையே அழிச்சிட்டேன்ப்பா. ஒங்ககிட்டச் சொல்லல. எம் வீட்டுக்காரருகிட்டச் சொல்லல. யாருகிட்டயும் சொல்லல."

"எப்பா" என்று அவள் சொன்ன விதம். அன்று போனில் கேட்ட அதே குரல். நான் இன்னும் வைத்திருந்த அந்த ஒரே நாளுக்குள் அவளும் இருந்தாள்.

"மதி" என்றேன். "மதிதானட்டி நீ?"

அவள் என் தோளில் விழுந்தாள். இரண்டு பேரும் வாய்விட்டு அழுதோம். வடிவு செத்த அன்றைக்குக்கூட நான் அப்படி அழவில்லை. "நானும் வாயுன்னுதான் சொன்னேன்" என்கிறேன். "நானும் கேஸுன்னுதாம்ப்பா" என்கிறாள். திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னோம். எத்தனை முறை சொன்னோம் என்று தெரியாது. எத்தனை முறை சொன்னாலும் அது எங்களிடமே இருந்தது.

நிமிர்ந்து பார்த்தபோது திரைக்குக் கீழே தரைதான் தெரிந்தது. மதி எழுந்து போய்த் திரையை ஒரே இழுப்பில் அறுத்தெறிந்தாள். சட்டி கவிழ்ந்திருந்தது. சன்னல் வழியாக வெயில். யாரும் இல்லை.

"போயிட்டா?" என்று கேட்டேன்.

"அது அம்மா இல்லப்பா" என்றாள். கிழிந்த திரையைச் சுருட்டி எடுத்தபடி, "அம்மா பிப்ரவரிலயே போயிட்டா" என்றாள்.

நவம்பர் 4

70.1. மூன்று மணிக்கு இரண்டு பேரும் அடுக்களையிலேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்தோம். எதுவும் வரவில்லை.

நவம்பர் 6, வியாழன்

70.4.

மதி இருக்கிறாள், ஒரு வாரம் விடுப்பு. எனக்குப் போனது முழுவதும் இன்னும் திரும்பவில்லை. படத்திலிருக்கும் முகம் நேற்றுக் காலை சட்டென்று வடிவாகிவிட்டது. பார்த்துக்கொண்டே நின்றேன், பால் பொங்கி வழிந்துவிட்டது. கல்யாணம் இன்னும் வரவில்லை. மதிக்கு அம்மா சொன்னபடி தெரியும், ஆனால் அதில் பேருந்தைத் தள்ளியது ஏழு பேர். அருளப்பனுக்கு வடிவு சொன்ன கணக்கில் அவள் தனியாகத் தள்ளியிருக்கிறாள். இரண்டு பேரும் இன்று என் முன்னால் அதற்காகச் சண்டை போட்டார்கள்.

"பொய் சொல்லுதிய மாமா!"

"ஏட்டி, மைனி எங்கிட்டச் சொன்னத நான் சொல்லுதேன்!"

எனக்குத் தெரியாத என் கல்யாணத்தைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 9

71.0. மதி ஊருக்குக் கிளம்பினாள். தென்காசியில் பேருந்து ஏற்றிவிட்டேன். சன்னல் வழியாகக் கையை நீட்டி, "அன்னைக்கு நாம ரெண்டு பேரும் அம்மா பக்கத்துல இருந்திருக்கணும்ப்பா" என்றாள். "ஆமா" என்றேன். வண்டி நகரும்வரை கையைப் பிடித்திருந்தேன். வலிக்கிறது. ஆனால் இது தாங்குகிற வலி.

நவம்பர் 22, சனி

72.0 அடி. மழை 40 மி.மீ. அணை நிறைந்தது. உபரி நீர் திறந்தோம்.

காலையில் மதகருகே நனைந்தபடி நிற்கும்போது, யாரும் சொல்லாமல், நோட்டிலும் இல்லாமல், ஒன்று தானாக வந்தது. வடிவு. குரங்கு ஒன்று வடகத் துணியை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. இவள் செருப்பைக் கழற்றி எறிகிறாள். குரங்கு தப்பிவிட, செருப்பு பொறியாளரின் ஜீப்புக்குள் போய் விழுகிறது. அவர் மடியில். இவள் நேரே ஜீப்பருகே போய், "அது என்னோடதுதான் சார், குடுங்க" என்று கையை நீட்டுகிறாள்.

சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

"என்ன அண்ணாச்சி?" என்று அருளப்பன் தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலாகக் கத்தினார்.

ஒரு நொடி பயமாக இருந்தது. பிறகு சொன்னேன், குரங்கிலிருந்து செருப்பு வரை ஒன்று விடாமல். அவர் மதகுச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு குலுங்கிச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டிக்கொண்டே அதை மனதுக்குள் தேடிப் பார்த்தேன். இருந்தது. மதிக்குப் போன் போட்டு அவளுக்கும் சொன்னேன். பிறகு சோறு வடித்துச் சாப்பிட்டுவிட்டு மறுபடி பார்த்தேன். வடிவு கையை நீட்டியபடி ஜீப்பருகே நிற்கிறாள், ஒரு காலில் மட்டும் செருப்போடு.